பெண்கள் உடைக்கு எச்எஸ் கோடு: லேபிளில் உள்ள பெயரை விடுங்கள், துணியைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: "வெளிநாட்டிலிருந்து பெண்களுக்கான ரெடிமேட் உடைகளை வரவழைக்கத் தொடங்கியிருக்கிறேன். டிரெஸ், டாப், லெக்கிங்ஸ், ஜம்ப்சூட், இரவு உடை எல்லாம் ஒரே சரக்கில் கலந்து வருகின்றன. விற்பவர் இன்வாய்ஸில் எல்லாவற்றுக்கும் 6204 என்று ஒரே எண்ணைப் போட்டு அனுப்புகிறார். கஸ்டம்ஸ் புரோக்கரோ ஒவ்வொன்றுக்கும் வேறு எண் வரும், துணி விவரம் கொடுங்கள் என்கிறார். யார் சொல்வது சரி? எண்ணை நானே கண்டுபிடிக்க முடியுமா?"

புரோக்கர் சொல்வதுதான் சரி. விற்பவர் போட்டு அனுப்பும் எண் அவருடைய வசதிக்காகப் போட்டது. அது இறக்குமதி செய்யும் நாட்டின் சுங்கத் துறையைக் கட்டுப்படுத்தாது. உங்கள் பெயரில் தாக்கலாகும் அறிக்கைக்கு நீங்கள்தான் பொறுப்பு. எண் தவறாகி வரி குறைந்தால், வித்தியாசத்தை வட்டியோடும் சில நேரம் அபராதத்தோடும் கேட்டு நோட்டீஸ் வருவது உங்களுக்குத்தான், விற்றவருக்கு அல்ல. வரி கூடுதலாகக் கட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். யாரும் தேடி வந்து சொல்ல மாட்டார்கள், நீங்களே கவனித்துக் கேட்காவிட்டால் பணம் போனதுதான். அதனால் நீங்களே கற்றுக்கொள்ள நினைப்பது நல்ல விஷயம். கொஞ்சம் பொறுமை இருந்தால் பெரும்பாலான உடைகளுக்கு ஆறு இலக்கம் வரை நீங்களே போய்விடலாம்.

முதலில் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். உலக சுங்க அமைப்பு நிர்வகிக்கும் ஹார்மனைஸ்டு சிஸ்டம், சுருக்கமாக எச்எஸ், 1983இல் பிரஸ்ஸல்ஸில் ஒப்பந்தமாகி 1988 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை திருத்துவார்கள். இந்தப் பதிலில் நான் 2022 பதிப்பை வைத்துப் பேசுகிறேன். முதல் ஆறு இலக்கம் இதைப் பின்பற்றும் எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்குப் பின் எட்டு, பத்து என்று நீட்டுவது அந்தந்த நாட்டின் விருப்பம். 6204.42 என்றால் 62 அத்தியாயம், 6204 தலைப்பு, 6204.42 உட்தலைப்பு. வரி விகிதம் பெரும்பாலும் அந்த நீட்டிய இலக்கங்களில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். ஆனால் முதல் நான்கும் தவறினால் பின்னால் வருவது எதுவும் நிற்காது.

எல்லாரும் தவறுகிற இடம் ஒன்றுதான். உடையின் கடைப் பெயரில் ஆரம்பிக்கிறார்கள். டியூனிக், ஷ்ரக், கோ-ஆர்ட் செட், ஜெகிங்ஸ், பாடிகான் என்று விற்பனைப் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு அட்டவணையில் தேடினால் எதுவும் கிடைக்காது. கிடைத்தாலும் தவறாகக் கிடைக்கும். அட்டவணை கேட்கிற முதல் கேள்வி "இது என்ன உடை" அல்ல, "இது என்ன துணி" என்பதுதான். அந்த வரிசையிலேயே போவோம்.

உடைகளுக்கான அத்தியாயங்கள் இரண்டு. பின்னல் துணியில் தைத்தவை எல்லாம் 61. நெசவுத் துணியிலும் பின்னல் அல்லாத மற்றத் துணிகளிலும் தைத்தவை 62. இந்த ஒரு பிரிவே உங்கள் சரக்கில் பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். பின்னலாடை வேலை தெரிந்தவர்களுக்கு நிட்டா ஓவனா என்பது தொட்டாலே தெரியும். தெரியாதவர்கள் துணியின் உள்பக்கத் தையல் விளிம்பைப் பிரித்து, நூல் எண்ணும் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். பாவும் ஊடையுமாக நூல்கள் குறுக்கும் நெடுக்கும் நேராகப் போனால் நெசவு. விளிம்பில் ஒரு நூலை நகத்தால் எடுத்து இழுத்தால் அது கம்பிபோல நேராக உருவிக்கொண்டு வரும். பின்னலில் நூல் நேராகவே போகாது, கண்ணிக்குள் கண்ணியாக வளைந்து வளைந்து கோத்திருக்கும். சாதாரணப் பின்னலில் ஒரு நூலை இழுத்தால் வரிசை வரிசையாக அவிழும். நூல்கள் நெடுக்காக ஓடிப் பின்னிக்கொள்ளும் வார்ப் நிட் வகையில் அவ்வளவு சுலபமாக அவிழாது. அதனால் இழுத்துப் பார்ப்பதை மட்டும் நம்பாமல் கண்ணாடியில் கண்ணியைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இழுபடுவதை வைத்து முடிவெடுக்கவே கூடாது. ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸ் நன்றாக இழுபடும், ஆனால் அது எலாஸ்டேன் என்கிற இழுபடும் இழை கலந்த நெசவு. அதனால் 6204. அதன் பக்கத்திலேயே தொங்கும் ஜெகிங்ஸில் டெனிம் போலவே நிறம், பொய்ப் பாக்கெட், பொய்த் தையல் எல்லாம் இருக்கும். கண்ணாடியை வைத்தால் கண்ணி தெரியும். அது 6104. வாங்குபவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே பேண்ட், அட்டவணைக்கு இரண்டும் வேறு அத்தியாயம். உங்கள் சரக்கில் உள்ள லெக்கிங்ஸும் இப்படித்தான், பின்னலில் தைத்த கால்சட்டையாக 6104க்குப் போகும். பாதத்தையும் சேர்த்து மூடுகிற டைட்ஸ் என்றால் 6115.

ஒரே உடையில் இரண்டும் கலந்திருந்தால்? மேல் பாதி பின்னல், பாவாடைப் பகுதி நெசவு என்று டிரெஸ் வருவது உண்டு. அப்போது எந்தப் பகுதி அந்த உடைக்கு முக்கியத் தன்மையைத் தருகிறது என்று பார்க்கச் சொல்கிறது, அட்டவணையைப் படிப்பதற்கு எச்எஸ் தரும் பொது விளக்க விதிகளில் 3(பி). பரப்பளவு, எடை, மதிப்பு, தோற்றம் எல்லாம் சேர்த்துத்தான் முடிவு. எந்தப் பக்கமும் சாயவில்லை என்றால் 3(சி)யின்படி எண் வரிசையில் கடைசியாக வரும் தலைப்பு, அதாவது 62 பக்கம். கழுத்திலும் கைமுனையிலும் மட்டும் ரிப் என்கிற இழுபடும் பின்னல் பட்டை வைத்திருப்பது போன்ற அலங்கார வேலைகளை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அடுத்ததாக, துணியின் மேல் ஏதாவது பூசியிருக்கிறதா என்று பாருங்கள். இதை யாரும் பார்ப்பதே இல்லை. பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பூசிய, ஒட்டிய துணியில் தைத்த உடை பின்னலாக இருந்தால் 6113, நெசவாக இருந்தால் 6210. ஒரு பெண்கள் மழைக்கோட்டு கோட்டுக்கான 6202க்கும் பொருந்தும், 6210க்கும் பொருந்தும் என்றால் 6210தான் என்று அத்தியாயத்தின் தொடக்கத்தில் உள்ள குறிப்பே சொல்லிவிடுகிறது. குழந்தை உடை மட்டும் இதற்கு விலக்கு. பிளாஸ்டிக் பூச்சு என்றால் அது வெறும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதனால் நிறம் மாறியிருப்பது கணக்கில்லை. தண்ணீர் ஒட்டாத ஃபினிஷ் மட்டும் கொடுத்து, பூச்சு கண்ணுக்குத் தெரியாத துணி இதில் சேராது. நெய்யாமலும் பின்னாமலும் இழைகளை அழுத்தியோ ஒட்டியோ செய்கிற ஃபெல்ட்டிலும் நான்-ஓவனிலும் தைத்த உடைகளும் 6210தான். துணியே இல்லாமல் முழுக்க பிளாஸ்டிக் ஷீட் என்றால் ஜவுளிப் பகுதியை விட்டே வெளியே போய் 3926. அசல் தோல் ஜாக்கெட் 4203. விலங்கு ரோமத்தை உள்ளே லைனிங்காக வைத்தாலோ, வெறும் அலங்கார ஓரமாக இல்லாமல் வெளியே வைத்தாலோ 4303. துணியிலோ தோலிலோ இழைகளை ஒட்டியோ தைத்தோ செய்த செயற்கை ரோமம் என்றால் 4304. நெய்தோ பின்னியோ செய்த போலி ரோமம் அங்கே போகாது, ஜவுளிப் பகுதியிலேயே நிற்கும்.

சரி, துணி முடிந்தது. அப்புறம் யாருக்கான உடை. குழந்தை என்றால் 86 சென்டிமீட்டர் உயரம் வரை. அதற்குள் வருவது 6111 அல்லது 6209, அங்கே ஆண் பெண் பேதமில்லை. அதைத் தாண்டினால் ஆண்கள், பையன்கள் ஒரு வரிசை, பெண்கள், சிறுமிகள் ஒரு வரிசை. முன்பக்கம் திறக்கும் உடையில் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் வந்து மூடினால் ஆண்கள், வலப்பக்கம் இடப்பக்கத்தின் மேல் வந்தால் பெண்கள். இடம் வலம் என்பது அணிபவரின் இடம் வலம், பார்ப்பவருடையது அல்ல. வெட்டைப் பார்த்தாலே எதிர்ப்பாலினருக்கானது என்று தெளிவாகத் தெரிந்தால் இந்தப் பொத்தான் விதி செல்லாது. இரண்டில் எது என்று சொல்லவே முடியாத உடை பெண்கள் தலைப்புக்குத்தான் போகும். யுனிசெக்ஸ் என்று வாங்குகிற ஜாக்கெட்டுகளும் கால்சட்டைகளும் அதனால் பெண்கள் பக்கம் வந்து சேரும். டி-ஷர்ட்டுக்கான 6109, ஸ்வெட்டர் வகைகளுக்கான 6110 இரண்டிலும் ஆறு இலக்கம் வரை இந்தப் பிரிவே கிடையாது.

இப்போதுதான் உடையின் வகைக்கு வருகிறோம். 61, 62 இரண்டு அத்தியாயங்களும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று கண்ணாடி பார்த்த மாதிரி இருப்பது நமக்கு வசதி. பெண்கள் கோட்டு, அனோராக், கேப் 6102, 6202. சூட், என்செம்பிள் (மேலும் கீழுமாகச் சேர்ந்து வரும் செட்), ஜாக்கெட், டிரெஸ், பாவாடை, கால்சட்டை எல்லாம் 6104, 6204. பிளவுஸ், சட்டை 6106, 6206. உள்பாவாடை, இரவு உடை, பைஜாமா, டிரெஸ்ஸிங் கவுன் 6108, 6208. பிரா மட்டும் பின்னலானாலும் நெசவானாலும் ஒரே இடம், 6212. நீச்சலுடையும் டிராக்சூட்டும் 6112, 6211. ஷாலும் ஸ்கார்ஃபும் 6117, 6214. வேறெங்கும் பொருந்தாதவை 6114, 6211.

மேலுடம்புக்கான உடைகளில்தான் சண்டை அதிகம், அதனால் அங்கே கொஞ்சம் நிற்கலாம். 2022 பதிப்பில் 62ஆம் அத்தியாயக் குறிப்பில் ஒரு நல்ல விளக்கத்தைச் சேர்த்தார்கள். சட்டை என்றால் நீளக் கையோ குட்டைக் கையோ இருக்க வேண்டும், கழுத்திலிருந்து முழுதாகவோ பாதியாகவோ திறப்பு இருக்க வேண்டும். பிளவுஸ் என்றால் தளர்வான உடை, கை இல்லாமலும் இருக்கலாம், கழுத்துத் திறப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி. ஆனால் இடுப்புக்குக் கீழே பாக்கெட் இருந்தாலோ, அடிவிளிம்பில் ரிப் பட்டையோ எலாஸ்டிக்கோ இழுத்துக் கட்டும் நாடாவோ இருந்தாலோ அது 6206 ஆகாது. பின்னலில் 6106க்கும் இதே தடை உண்டு. கூடவே இன்னொரு தடை: ஒவ்வொரு திசையிலும் சென்டிமீட்டருக்குச் சராசரி பத்துக் கண்ணிக்குக் குறைவாக இருந்தாலும் 6106 ஆகாது.

இந்தக் கண்ணிக் கணக்கை எப்படி எடுப்பது என்று பலரும் கேட்பதுண்டு. துணியை இழுக்காமல் மேசையில் தட்டையாக விரித்து, பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரம் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி வைத்து நீளவாக்கில் உள்ள கண்ணிகளை எண்ணுங்கள், அகலவாக்கில் உள்ளதையும் எண்ணுங்கள், இரண்டையும் பத்தால் வகுங்கள். ஒவ்வொரு திசையிலும் பத்துக்குக் குறைவு என்றுதான் குறிப்பு சொல்கிறது என்பதை மறக்காதீர்கள். ஒரு பக்கம் 9 வந்து மறுபக்கம் 8 வந்தால் அந்தப் பின்னல் டாப் 6106இலிருந்து கழிந்து, பெரும்பாலும் 6110க்குப் போய்விடும். மெல்லிய ஸ்வெட்டர் பின்னலில் வரும் பொத்தான் வைத்த டாப்புகள் இதில்தான் மாட்டும்.

தடை விழுந்த நெசவு டாப் எங்கே போகும்? பாக்கெட்டால் அது ஜாக்கெட் தோற்றம் பெற்றிருந்தால் 6204, இல்லையென்றால் 6211. ஒரு மாடலில் வடிவமைப்பாளர் இடுப்புக்குக் கீழே இரண்டு சின்னப் பாக்கெட் சேர்த்தார் என்பதற்காக எண் மாறுவதை அபத்தம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அதிகாரிக்கு அதிகாரி ரசனை மாறும், பாக்கெட் மாறாது. அளந்தும் எண்ணியும் காட்டக்கூடிய அளவுகோல் இருப்பது இறக்குமதியாளருக்குத்தான் பாதுகாப்பு.

டி-ஷர்ட்டுக்கும் கட்டுப்பாடு உண்டு. பருத்தி அல்லது மனிதன் செய்த இழையில் ஆன மெல்லிய பின்னல், காலர் இல்லை, பொத்தான் இல்லை, கழுத்தில் திறப்பு இல்லை, அடியில் இறுக்கும் அமைப்பு இல்லை, டெர்ரி மாதிரிக் குச்சமுள்ள துணி இல்லை. இவ்வளவும் பொருந்தினால் 6109. காலர் வைத்த போலோவை டி-ஷர்ட் என்று கடையில் விற்கலாம், 6109இல் போடக் கூடாது. பெண்களுக்கான போலோ, மற்ற நிபந்தனைகள் பொருந்தினால் 6106.

டாப்புக்கும் டிரெஸுக்கும் நடுவில் தொடைவரை தொங்கும் டியூனிக் எப்போதுமே எல்லைக்கோட்டு வழக்குதான். சர்வதேச அட்டவணை சென்டிமீட்டர் கணக்கு எதுவும் தரவில்லை. கீழே வேறு எதுவும் போடாமல் தனியாக அணியும்படி வெட்டியிருக்கிறார்களா, பக்கவாட்டுப் பிளவு எவ்வளவு உயரம் போகிறது, விற்பனைப் படத்தில் எப்படிக் காட்டுகிறார்கள் என்பதையெல்லாம் பார்ப்பார்கள். இப்படிப்பட்ட மாடலுக்கு ஊகத்தில் எண் போடாதீர்கள். கடைசியில் சொல்லப்போகும் முன்தீர்ப்பு இவற்றுக்காகத்தான் இருக்கிறது.

ஜம்ப்சூட்டை 6204இல் போடுவது அடிக்கடி பார்க்கிற தவறு. உடம்பு முழுவதையும் மூடுகிறது, ஆனால் கால் பிரிந்திருக்கிறது, அதனால் டிரெஸ் அல்ல. மேலுடம்பையும் சேர்த்து மூடுகிறது, அதனால் கால்சட்டையும் அல்ல. பின்னல் என்றால் 6114, நெசவு என்றால் 6211. பெண்களுக்கான பருத்தி நெசவு 6211.42, மனிதன் செய்த இழை 6211.43. மார்புத் துண்டும் தோள்பட்டையும் வைத்த டங்கரி வேறு கதை, அதைப் பெயர் சொல்லியே 6104, 6204இல் சேர்த்திருக்கிறார்கள். பாவாடை மாதிரித் தெரிந்து கால் பிரியும் ஸ்கார்ட், பாவாடை உட்தலைப்புக்கே போகும், 'பிளவுண்ட பாவாடை' என்று அங்கே எழுதியிருக்கிறது. தலை நுழையத் துளை உள்ள போஞ்சோ 6102, 6202. வெறுமனே போர்த்திக்கொள்ளும் ஷால் 6117, 6214.

செட்டாக வருபவை இப்போது அதிகம், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே கவரில் போட்டு ஒரே விலைக்கு விற்றால் ஒரே எண் என்று நினைக்கிறார்கள். ஜவுளிப் பகுதிக் குறிப்பு நேர் எதிராகச் சொல்கிறது: வெவ்வேறு தலைப்பில் வரும் உடைகள் செட்டாக வந்தாலும் தனித்தனியாகவே வகைப்படும். அட்டவணையே பெயர் சொல்லிச் சேர்த்த சூட், என்செம்பிள், பைஜாமா, டிராக்சூட் போன்றவைதான் விதிவிலக்கு. சூட் என்றால் மேலே ஒரு ஜாக்கெட், அதன் வெளித்துணி கையை விட்டு நாலு துண்டாவது இருக்க வேண்டும். கீழே ஒரு பாவாடையோ கால்சட்டையோ. இரண்டும் ஒரே துணி, ஒரே நிறம், ஒரே கலவை. பாவாடையும் கால்சட்டையும் இரண்டுமே சேர்ந்து வந்தால் பெண்கள் சூட்டில் பாவாடைதான் சூட்டோடு போகும், கால்சட்டைக்குத் தனி எண். என்செம்பிளுக்கும் ஒரே துணி, ஒரே நிறம், ஒரே கலவை வேண்டும், சில்லறை விற்பனைக்கான செட்டாகவும் வர வேண்டும்.

இதைக் கோ-ஆர்ட் செட்டில் பொருத்திப் பாருங்கள். பூப்போட்ட நெசவுப் பருத்தி பிளவுஸ், அதே துணியில் அதே பூவில் கால்சட்டை, ஒரே அளவு, ஒரே கவர். இது என்செம்பிள், 6204.22. கால்சட்டையை மட்டும் பூவில்லாமல் வெற்று நிறத்தில் போட்டால் நிறம் ஒன்றாக இல்லை, செட் உடைந்தது. பிளவுஸ் 6206.30, கால்சட்டை 6204.62 என்று இரண்டு வரி. இன்வாய்ஸிலும் விலையை இரண்டாகப் பிரித்துக் காட்ட வேண்டும். பின்னலில் இன்னொரு சிக்கல் உண்டு. டி-ஷர்ட்டும் ஷார்ட்ஸும் ஒரே துணியில் ஒரே நிறத்தில் வந்தாலும் என்செம்பிள் ஆகாது. 6109இல் வரும் உடை என்செம்பிளில் உறுப்பாகவே முடியாது என்று குறிப்பு தடுக்கிறது. அதனால் 6109ம் 6104ம் தனித்தனியாக வரும். அதே டி-ஷர்ட் வடிவம் இரவில் அணியும் பைஜாமா செட்டின் மேல்பாதியாக வந்தால் முழு செட்டும் 6108. உங்கள் சரக்கில் உள்ள இரவு உடைகள் அசல் இரவு உடைகளா, வெளியே போட்டுக்கொண்டு போகும் லவுஞ்ச்வேரா என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெட்டு, துணியின் கனம், விளம்பரப் படம் எல்லாம் அந்த எழுத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

கடைசிப் படி இழை. பணம் பெரும்பாலும் இங்கேதான் மாறுகிறது. டிரெஸ் நெசவாக இருந்தால் கம்பளி 6204.41, பருத்தி .42, சிந்தெடிக் .43, ஆர்டிஃபிஷியல் .44, மற்றவை .49. சிந்தெடிக் என்றால் பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக், எலாஸ்டேன். ஆர்டிஃபிஷியல் என்றால் மரக்கூழ் மாதிரி இயற்கைப் பொருளைக் கரைத்து எடுக்கிற விஸ்கோஸ், மோடல், லயோசெல், அசிடேட். லேபிளில் மூங்கில் என்று போட்டு வருவது பெரும்பாலும் மூங்கில் கூழில் செய்த விஸ்கோஸ்தான், அதை இயற்கை நார் என்று அறிவித்தால் பரிசோதனையில் அகப்படும். இரண்டு வகையையும் சேர்த்து மனிதன் செய்த இழை என்பார்கள். பட்டு, லினன் டிரெஸுகளுக்குத் தனி இடம் இல்லை, .49தான். பிளவுஸ் என்றால் பட்டுக்கு 6206.10 என்று தனி இடம் வைத்திருக்கிறார்கள்.

கலப்புத் துணியில் எடையில் எது அதிகமோ அதுவே முழுத்துணி என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பாதிக்கு மேல் இருக்க வேண்டியதில்லை, மற்ற ஒவ்வொன்றையும் விட அதிகமாக இருந்தால் போதும். கேட்க எளிது, ஆனால் இரண்டு இடத்தில் சறுக்கும்.

ஒன்று லைனிங். ஒரு டிரெஸை எடுத்துக்கொள்வோம். வெளித்துணி 200 கிராம், அதில் 60 சதவீதம் பருத்தி, 40 சதவீதம் பாலியெஸ்டர். உள்ளே 150 கிராம் முழுப் பாலியெஸ்டர் லைனிங். மொத்தமாகக் கூட்டினால் பாலியெஸ்டர் 230 கிராம், பருத்தி 120 கிராம். அப்படிக் கூட்டி 6204.43 என்று போட்டு அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். தவறு. உடைக்கு அதன் தன்மையைத் தரும் பகுதியை மட்டும் பார்க்கச் சொல்கிறது விதி, அது வெளித்துணி. அங்கே பருத்தி 120, பாலியெஸ்டர் 80. சரியான எண் 6204.42. அதனால் லேப் ரிப்போர்ட் கேட்கும்போது வெளித்துணிக்கும் லைனிங்குக்கும் தனித்தனி அளவு வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். முழு உடையையும் சேர்த்துச் சதவீதம் கொடுத்த ரிப்போர்ட் உதவாது.

இரண்டாவது சறுக்கல் நுணுக்கமானது. நெசவு டிரெஸ், 40 சதவீதம் பருத்தி, 30 பாலியெஸ்டர், 30 விஸ்கோஸ். பாலியெஸ்டரும் விஸ்கோஸும் பருத்தி மாதிரியே குட்டையாக வெட்டி நூற்ற இழைகள். பார்த்தவுடன் பருத்திதான் அதிகம் என்று தோன்றும். ஆனால் விதி முதலில் அத்தியாயத்தைப் பார்க்கச் சொல்கிறது, பிறகுதான் அதற்குள் தலைப்பை. பாலியெஸ்டரும் விஸ்கோஸும் ஒரே அத்தியாயத்தைச் சேர்ந்தவை, இரண்டும் சேர்ந்து 60. பருத்தி தோற்றது. அந்த 60க்குள் சிந்தெடிக் 30, ஆர்டிஃபிஷியல் 30, சமம். சமமானால் வரிசையில் கடைசியாக வரும் தலைப்பு, அது ஆர்டிஃபிஷியல். ஆக 6204.44. லேபிளில் முதலாவதாகப் பெரிய எழுத்தில் 40% காட்டன் என்று இருக்கும்போது இந்த விடையை ஊகித்து எட்டவே முடியாது, விதியைப் படித்தால்தான் வரும். நீளமாகவே விடும் ஃபிலமென்ட் இழை 54, குட்டை இழை 55 என்று வேறு வேறு அத்தியாயமானாலும், பருத்தி மாதிரி மூன்றாவது ஒன்றோடு ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அத்தியாயமாகக் கருத வேண்டும் என்றும் குறிப்பு இருக்கிறது. கம்பளியும் காஷ்மீரும் இதே மாதிரிதான், இரண்டும் 51ஆம் அத்தியாயம் என்பதால் ஒன்றாகக் கூட்டப்படும்.

இழையை இத்தனை துல்லியமாகப் பிரிப்பது ஏன் இவ்வளவு முக்கியமானது என்றால், உலக ஜவுளி வாணிகம் வெகுகாலம் கோட்டாவில், அதாவது எந்த நாட்டிலிருந்து எவ்வளவு வரலாம் என்ற அளவுக் கட்டுப்பாட்டில், ஓடியது. 1974 முதல் 1994 வரை மல்டி ஃபைபர் ஒப்பந்தம், அதன்பின் பத்தாண்டு இடைக்கால ஏற்பாடு, 2005 ஜனவரி 1இல்தான் கோட்டா ஒழிந்தது. கோட்டா போனாலும் இழைக்கு இழை வரி மாறுவது பல நாடுகளில் அப்படியே இருக்கிறது. பொருள் எந்த நாட்டில் உருவானது என்று முடிவுசெய்யும், சலுகை வரி ஒப்பந்தங்களின் பிறப்பிட விதிகளும் இந்த எண்ணை வைத்தே எழுதப்பட்டவை. எண் தவறினால் சலுகையும் சேர்ந்து போகும்.

சில சில்லறை விஷயங்கள். டிரெஸோடு அதற்கான பெல்ட் சேர்ந்து வந்தால் டிரெஸோடு போகும், தனியாக வரும் துணி பெல்ட் 6217, தோல் பெல்ட் 4203. வழக்கமான பாலிதீன் கவருக்குத் தனி எண் வேண்டாம். பொத்தான் தைக்காமல் வந்தாலும் அது உடைதான், துணியாகிவிடாது. வேடமிடும் பார்ட்டி உடை ஜவுளியில் ஆனது என்றால் பொம்மை அத்தியாயத்தில் சேராது, 61 அல்லது 62தான். பழைய துணிக்கான 6309இல் சேர வேண்டுமானால் அணிந்து தேய்ந்த அடையாளம் தெளிவாகத் தெரிய வேண்டும், மூட்டையாகவோ மொத்தமாகவோ வர வேண்டும். கடைசி சீசனில் விற்காமல் போன புதுத்துணி அங்கே போகாது.

இனி நடைமுறை. விற்பவரிடம் எண்ணைக் கேட்காதீர்கள், விவரத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு ஸ்டைல் எண்ணுக்கும் எதிரே இன்வாய்ஸில் இப்படி ஒரு வரி இருந்தால் போதும்: "பெண்களுக்கான நெசவு பிளவுஸ், வெளித்துணி 55% லினன் 45% பருத்தி, குட்டைக் கை, முன்பக்கம் முழுத் திறப்பு வலம் மேல் இடம், பாக்கெட் இல்லை, அடிவிளிம்பில் இறுக்கம் இல்லை, லைனிங் இல்லை." லேடீஸ் கார்மெண்ட்ஸ் என்று இரண்டே சொல்லில் முடிக்கும் இன்வாய்ஸ்தான் சரக்கைத் திறந்து பார்க்கவும் சாம்பிள் எடுக்கவும் காரணமாகிறது. ஆர்டர் கொடுக்கும்போதே இந்த வரியை ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள், சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போது கேட்டால் யாரும் பதில் தர மாட்டார்கள். கலவையில் சந்தேகம் இருந்தால் வெளித்துணியில் ஒரு துண்டை ஜவுளிப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். எரித்துப் பார்க்கும் பழைய வழி பருத்தியா பாலியெஸ்டரா என்று சொல்லும், 48ஆ 52ஆ என்று சொல்லாது. பிளவு அந்த அளவு நெருக்கமாக இருந்தால் ஒவ்வொரு உற்பத்தித் தொகுதிக்கும் பரிசோதனை தேவைப்படலாம். அல்லது ஆர்டரிலேயே விகிதத்தை 60-40 என்று விலக்கி வைக்கச் சொல்லலாம், அது இன்னும் நிம்மதி.

அதற்குப் பிறகும் தீராத மாடல்களுக்கு அட்வான்ஸ் ரூலிங் என்கிற முன்தீர்ப்பு இருக்கிறது. 2017 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தம், உறுப்பு நாடுகள் வகைப்பாட்டுக்கும் பிறப்பிடத்துக்கும் முன்தீர்ப்பு தர வேண்டும் என்கிறது. சரக்கு வருவதற்கு முன்பே மாதிரி, படம், கலவை விவரத்தோடு விண்ணப்பித்தால் எழுத்தில் எண் தருவார்கள், அது அந்த நாட்டுச் சுங்கத் துறையைக் கட்டுப்படுத்தும். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் தாங்கள் கொடுத்த தீர்ப்புகளை இணையத்தில் தேடிப் படிக்கும்படி வைத்திருக்கின்றன. வேறு நாட்டில் அவை செல்லாது, ஆனால் உங்கள் உடையைப் போன்ற ஒன்றுக்கு என்ன காரணம் சொல்லி எண் கொடுத்தார்கள் என்று படிப்பது நல்ல பயிற்சி. விண்ணப்பிக்கும்போது எந்த எண் வேண்டும் என்று மட்டும் எழுதாமல், எந்தக் குறிப்பின்படி அது சரி, போட்டிக்கு நிற்கும் எண் ஏன் சரியில்லை என்றும் எழுதுங்கள். மேலே சொன்ன டியூனிக் மாதிரி, திரும்பத் திரும்ப ஆர்டர் கொடுக்கப்போகும் மாடல்களை முதலில் அனுப்புங்கள். ஒரே ஒரு முறை வந்து போகும் மாடலுக்கு அந்த மெனக்கெடல் தேவையில்லை, புரோக்கரோடு உட்கார்ந்து துணியைக் கையில் வைத்துப் பேசினாலே போதும்.